கண்ணுக்குத் தெரியாக் கட்டடத்தின் வரைபடம்



வீடு கட்ட விரும்பும் ஒருவன் மேசனை அழைத்து, கல்லை அடுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாற் போவதில்லை. முதலில் ஒரு படம் வரைவிக்கின்றான். அந்தப் படத்தைப் பார்த்து வீட்டுக்காரன் தன் விருப்பத்தைத் திருத்திக்கொள்கின்றான். மேசன் தன் வேலையை அறிந்துகொள்கின்றான். நகரசபை அதிகாரி அனுமதி வழங்குகின்றார். இருபது ஆண்டு கழித்து ஒரு சுவரை இடிக்க வேண்டி வந்தால், எந்தச் சுவர் கூரையைத் தாங்குகின்றது என்பதை அறியவும் அதே படத்தையே தேடி எடுக்கின்றோம். ஆகவே வரைபடத்தின் பயன் மூன்று: சிந்திப்பதற்குத் துணை, பலர் உடன்படுவதற்குச் சாட்சி, பிற்காலத்தவர்க்கு நினைவு. இம் மூன்றையும் மனத்திற் கொண்டு, இன்றைய பேச்சின் பொருளுக்கு வருவோம்.

வங்கியின் கணக்கேடுகள், புகையிரத ஆசனப் பதிவுகள், மருத்துவமனையின் நோயாளர் இடாப்புகள் ஆகியவற்றை இன்று கணினி முறைமைகள் தாங்கி நிற்கின்றன. அவையும் கட்டப்படுபவையே. அவற்றை வடிவமைப்போரை ஆங்கிலத்தில் கட்டடக் கலைஞரின் பெயராலேயே அழைக்கின்றனர். நாம் அவர்களை முறைமைச் சிற்பிகள் என்போம். ஆனால், அவர்கள் கட்டும் கட்டடத்திற்குக் கல்லும் இல்லை, மரமும் இல்லை. மென்பொருள் கண்ணுக்குப் புலப்படாதது, எந்த ஒரு படத்துள்ளும் முழுமையாக அடங்காதது என்று அமெரிக்க அறிஞர் பிரெட்ரிக் புரூக்ஸ் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்காட்டினார். காணமுடியாத ஒன்றைக் காணச் செய்வதற்கு மனிதர் படைத்த கருவிகளின் வரலாறே இங்கு நாம் காணப்போவது.

இவ்வரலாறு கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1921 ஆம் ஆண்டில் பிராங் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் தம்பதியர், தொழிற்சாலை வேலையொன்றின் படிகளைக் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தனர். வேலை எங்கே ஓடுகின்றது, எங்கே தேங்குகின்றது என்பதை ஒரே தாளிற் காணும் வசதி அதனாற் கிட்டிற்று. பின்னர், 1947 ஆம் ஆண்டில் பிரின்ஸ்ரன் நகரின் உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன், ஜோன் வொன் நொய்மன் ஆகிய இருவரும், மின்னணுக் கணினிக்குரிய கணக்குகளைத் திட்டமிடும் முறையை விளக்கும் அறிக்கைகளை வெளியிடத் தொடங்கினர். அவற்றில் இடம்பெற்ற பாய்ச்சற் படங்களே, இன்று எமது பாடசாலைகளில் தகவல் தொழினுட்ப மாணவர் வரையும் பாய்ச்சற் கோட்டுப்படத்தின் முன்னோடிகள். பெட்டியும் அம்பும் சாய்சதுரமும் கொண்ட அந்தப் படத்திற்கென்றே துளையிட்ட பிளாத்திக்கு அச்சுகள் பிற்காலத்தில் ஒவ்வொரு செய்நிரலாளரின் மேசையிலும் கிடந்தன.

ஆனால், விரைவிலேயே ஒரு தொல்லை தலைகாட்டிற்று. செய்நிரலை இன்று மாற்றுவர். படத்தை நாளை மாற்றுவோம் என்று விடுவர். அந்த நாளை வருவதேயில்லை. ஒரு மாதத்தில் படம் ஒன்று சொல்லும், செய்நிரல் வேறொன்று செய்யும். பொய் சொல்லும் படம் படமில்லாமையினும் தீது. எனவே, படத்தைக் கணினியே வரையட்டும் என்னும் எண்ணம் பிறந்தது. போட்ரான் மொழியை உருவாக்கிய ஐ.பி.எம். குழுவினருள் ஒருவரான லோயிஸ் ஹைப்ட் என்னும் பெண்மணி, செய்நிரலைப் படித்துத் தானே பாய்ச்சற் படம் வரையும் ஒரு செய்நிரலை 1959 ஆம் ஆண்டில் விவரித்தார். 1963 ஆம் ஆண்டில் டொனால்ட் கனூத் என்பாரும் இத்தகைய கருவியொன்றை வெளியிட்டார். முறைமைச் சிற்பிகளுக்கு உதவும் மென்பொருட் கருவிகளின் முதற்றலைமுறை இவையே எனலாம்.

அதே 1963 ஆம் ஆண்டில் மற்றொரு வாயிலும் திறந்தது. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வு மாணவர் ஐவன் சதர்லாந்து, ஒளிப் பேனாவினால் திரையிலே நேரே வரையும் முறையொன்றைத் தம் கலாநிதிப் பட்டத்திற்காகச் சமர்ப்பித்தார். ஸ்கெச்பாட் என்பது அதன் பெயர். அதன் சிறப்பு கோடு வரைந்ததில் அன்று; வரைந்த உருவத்தின் தன்மையைக் கணினி அறிந்து வைத்திருந்ததிலேயே இருந்தது. மூல உருவை ஒருமுறை திருத்தினால், அதன் பிரதிகள் யாவும் உடன் திருந்தின. தாளில் வரைந்த படத்திற்கும் கணினி விளங்கிக்கொண்ட மாதிரிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இதற்கிடையில், கட்டப்படும் முறைமைகள் பூதாகாரமாய் வளர்ந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணினிகளுக்கான இயக்க முறைமை, குறித்த காலத்தையும் செலவையும் கடந்து இழுபட்டது. அப்பணியை வழிநடத்திய புரூக்ஸ் தம் அனுபவங்களை 1975 ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அதற்கு முன்னரே, 1968 ஒக்டோபரில் சேர்மனியின் கார்மிஷ் நகரிலே, நேட்டோ அமைப்பின் அறிவியற் குழுவின் ஆதரவில் சுமார் 50 அறிஞர் கூடி, மென்பொருள் நெருக்கடி பற்றி ஆராய்ந்தனர். பாலம் கட்டுவோர்க்குப் பொறியியல் இருப்பதுபோல, மென்பொருள் கட்டுவோர்க்கும் ஒரு பொறியியல் வேண்டும் என்னும் குரல் அங்கே ஓங்கி ஒலித்தது.

அக்குரலுக்கு விடையாக 1970 களில் வடிவமைப்பு முறைகள் பல எழுந்தன. 1974 ஆம் ஆண்டில் ஸ்ரீவன்ஸ், மையர்ஸ், கொன்ஸ்ரன்ரைன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, ஒரு நல்ல முறைமையின் இலக்கணத்தை இரண்டு அளவுகோல்களால் வகுத்தது. ஒவ்வொரு பகுதியும் தன்னுள் ஒருமைப்பட்டிருத்தல் வேண்டும். பகுதிகளுக்கிடையே உள்ள பிணைப்புக் குறைவாயிருத்தல் வேண்டும். இதனைப் பாடசாலை உவமையாற் சொல்வேன். ஒரு வகுப்பின் வரவு இடாப்பை அவ்வகுப்பாசிரியரே பேணினால், அவர் விடுமுறையில் நின்றாலும் அடுத்த வகுப்புக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால், ஓர் இடாப்பை ஐந்து ஆசிரியர் பங்கிட்டு எழுதினால், ஒருவர் வராத நாளில் ஐந்து வகுப்புகளும் தடுமாறும். மென்பொருளுக்கும் இதுவே நீதி.

1976 ஆம் ஆண்டில் பீற்றர் சென் என்னும் அறிஞர் தரவுகளை வரையும் வழியொன்றைக் காட்டினார். மாணவன் ஒரு பெட்டி. பாடம் ஒரு பெட்டி. கற்கின்றான் என்னும் உறவு அவ்விரண்டையும் இணைக்கும் சாய்சதுரம். வங்கியோ வைத்தியசாலையோ எதுவாயினும், உலகத்துப் பொருள்களும் அவற்றிடை நிலவும் உறவுகளும் இவ்வளவில் அடங்கிவிடும். எளிய உருவங்களைச் சேர்த்துப் புதுப்பொருள் தரும் சீன எழுத்துமுறைக்கும் தம் முறைக்குமுள்ள ஒற்றுமையைச் சென் அவர்கள் பின்னாளில் எடுத்துக் கூறினார். எமது உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள் இன்றும் இப்படங்களை வரைகின்றனர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்திலோ பேராசிரியர் டானியல் டைக்ரோ வேறொரு பாதையிற் சென்றார். படத்தினும் சொல்லை நம்பினார் அவர். முறைமை எதைப் பெறுகின்றது, எதை விளைவிக்கின்றது, எந்தத் தரவை எங்கே பயன்படுத்துகின்றது என்பவற்றை ஒழுங்கான ஒரு மொழியில் எழுதிக் கணினிக்குக் கொடுத்தால், கணினி அவற்றை ஒப்புநோக்கி முரண்பாடுகளைச் சுட்டும். எங்கும் உண்டாக்கப்படாத தரவொன்று எங்கோ கேட்கப்படுகின்றதா? யாருக்கும் பயன்படாத தரவொன்று வீணே சேமிக்கப்படுகின்றதா? இவற்றைப் படம் தானாகச் சொல்லாது. பி.எஸ்.எல்., பி.எஸ்.ஏ. என்னும் எழுத்துகளால் அறியப்பட்ட இக்கருவி பற்றிய கட்டுரை 1977 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லா வடிவமைப்புச் செய்திகளையும் ஒரே களஞ்சியத்தில் வைத்தல் என்னும் கொள்கையின் பிறப்பிடங்களுள் அதுவும் ஒன்று.

அதே 1977 இல் ஓர் எச்சரிக்கையும் கேட்டது. பென் ஷ்னைடர்மன் முதலியோர், விரிவான பாய்ச்சற் படங்கள் செய்நிரலாளர்க்கு உண்மையில் உதவுகின்றனவா என்று பரிசோதனைகள் நடத்தி, குறிப்பிடத்தக்க பயன் எதனையும் காணவில்லை என்று அறிவித்தனர். ஏன் அவ்வாறாயிற்று? செய்நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெட்டி வரைந்தால், படம் செய்நிரலை மறுபடி சொல்லுகின்றதேயன்றி, அதற்கு மேல் எதையும் காட்டுவதில்லை. ஊரின் படம் ஊரளவு பெரிதானால், வழிப்போக்கனுக்கு அது எதற்கு? தேவையற்றதை விடுத்தலே வரைதலின் முதற் கலை.

1980 களிலே சிறிய கணினிகள் அலுவலக மேசைகளுக்கு வந்தன. 1984 ஆம் ஆண்டில் எக்செலரேட்டர் என்னும் கருவி சந்தைக்கு வந்தது. தரவுப் பாய்ச்சற் படங்களையும் உறவுப் படங்களையும் திரையில் வரைந்து, ஒரு களஞ்சியத்தில் வைத்து, பிழைகளைச் சரிபார்க்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. பல நிறுவனங்கள் போட்டியிட்டு இத்தகைய கருவிகளை விற்றன. படத்தை வரைந்தாற் போதும், செய்நிரல் தானே பிறக்கும் என்றுகூட விளம்பரம் செய்தனர். 1989 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம், எல்லாக் கருவிகளையும் ஒரே பெருங் களஞ்சியத்தில் இணைக்கும் ஏ.டி. சைக்கிள் என்னும் பாரிய திட்டத்தை அறிவித்தது. சில ஆண்டுகளுள் அது கைவிடப்பட்டது. பெருங்கணினியை மையமாகக் கொண்ட அத்திட்டம் நிறைவேறுமுன்பே, உலகம் சிறு கணினிகளின் வலைப்பின்னலை நோக்கி நகர்ந்துவிட்டது. கருவிகளும் விலையுயர்ந்தவை, ஒன்றின் படத்தை மற்றொன்று படிக்க மாட்டாது.

இவ்வாரவாரங்களுக்கிடையே அமைதியாக ஒரு சிந்தனையும் வளர்ந்தது. 1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் சக்மன், கட்டடத்திற்கு ஒரே படம் போதாது என்னும் உண்மையை மென்பொருளுக்கும் பொருத்திக் காட்டினார். வீட்டுக்காரன் பார்க்கும் படம் வேறு, சிற்பி பார்க்கும் படம் வேறு, கட்டுவோன் பார்க்கும் படம் வேறு. ஒன்றின் சுருக்கம் மற்றொன்று அன்று, நோக்கே வேறு. அவர் முதலில் எது, எவ்வாறு, எங்கே என்னும் வினாக்களை வைத்தார். 1992 இல் யார், எப்போது, ஏன் என்பனவும் சேர்ந்தன. ஏன் என்னும் அந்த ஈற்று வினாவை நேயர்கள் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.

1990 களின் தொடக்கத்திலே குறியீட்டுப் போர் மூண்டது. கிரேடி பூச் ஒரு முறை வகுத்தார். ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் ரம்போ மற்றொன்றை வகுத்தார். சுவீடன் நாட்டு எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் அனுபவம் பெற்ற ஈவார் ஜேக்கப்சன் இன்னொன்றை வகுத்தார். ஒருவர் முகில் வடிவில் வரைந்ததை மற்றவர் பெட்டியாக வரைந்தார். 1994 ஆம் ஆண்டில் ரம்போவும் 1995 ஆம் ஆண்டில் ஜேக்கப்சனும், பூச் பணியாற்றிய ராஷனல் நிறுவனத்தில் வந்து சேர்ந்தனர். மூவரின் முயற்சியையும் பிறர் பங்களிப்பையும் கொண்டு உருவான யு.எம்.எல். என்னும் ஒருங்கிணைந்த வரைமொழியை, ஓ.எம்.ஜி. என்னும் பொதுத் தரநிலை அமைப்பு 1997 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. ராஷனல் ரோஸ் என்னும் கருவி உலகெங்கும் பரவியது. 2003 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை ஐ.பி.எம். ஏறத்தாழ 210 கோடி டொலருக்கு வாங்கிற்று. கோடும் பெட்டியும் வரையும் தொழில் எத்துணைச் செல்வமாயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும், வரைமொழி ஒன்றுபட்டமையால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1996 ஜூன் 4 ஆம் திகதி, தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியன் 5 உந்துகணை, நான்கு ஆய்வுச் செய்மதிகளுடன், எழுந்து ஒரு நிமிடமும் ஆகுமுன் வானில் வெடித்துச் சிதறிற்று. அதன் திசையறியும் கருவியின் மென்பொருள், முந்திய ஏரியன் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. பழைய உந்துகணையின் கிடைவேகத்தைக் குறிக்கும் எண், ஒரு சிறிய எண்பெட்டிக்குள் எப்பொழுதும் அடங்கும் என்று அன்றைய வடிவமைப்பாளர் ஆராய்ந்து முடிவு செய்திருந்தனர். அம்முடிவு அந்த உந்துகணைக்குச் சரியே. புதியதோ வேறு பாதையில் விரைவாகச் சென்றது. எண் பெட்டியினும் பெரிதாயிற்று, கருவி செயலிழந்தது. துணைக் கருவியும் அதே மென்பொருளையே கொண்டிருந்தமையால், அதுவும் அதே காரணத்தால் வீழ்ந்தது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஓர் இடம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அந்த எண்ணைப் பாதுகாப்பின்றி விட்டதற்கான காரணம் செய்நிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை. மலைபோற் குவிந்த ஆவணங்களுக்குள் அது புதைந்து, வெளியிலிருந்து பரிசீலித்தோரின் கண்ணுக்கு எட்டாமற் போயிற்று என்று குழு கண்டது. காகிதத்திற்குக் குறைவில்லை. நினைவுதான் தவறிற்று. எது என்பது கைக்குக் கிடைத்தது. ஏன் என்பது கிடைக்கவில்லை.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் 17 மென்பொருளாளர் கூடி, விரிந்த ஆவணங்களினும் இயங்கும் மென்பொருளையே தாம் பெரிதும் மதிப்பதாகப் பிரகடனம் செய்தனர். அன்று முதல் கனத்த கருவிகளின் செல்வாக்குக் குறையத் தொடங்கிற்று. 2013 ஆம் ஆண்டில் மரியன் பெற்றே என்னும் ஆய்வாளர், தாம் நேர்கண்ட 50 மென்பொருளாளருள் 35 பேர் யு.எம்.எல். வரைமொழியைப் பயன்படுத்துவதே இல்லை என்று எழுதினார். ஆனால், அவர்கள் வரையாமல் இருந்தார்கள் என்று கொள்ளற்க. வெண்பலகையிலும் கடதாசித் துண்டிலும் தமக்கு விளங்கும் பெட்டிகளை வரைந்து பேசுவது அத்தொழிலாளர் வழக்கம். சிந்திப்பதற்குப் படம் வேண்டும். சம்பிரதாயம் வேண்டாம் என்பதே அவர்கள் நிலை.

மறுபுறத்திலே, பெரிய நிறுவனங்களுக்கு முழு நிறுவனத்தையும் ஒருங்கே காணும் தேவை மிகுந்தது. 2002 முதல் 2004 வரை நெதர்லாந்தில் உருவாகிய ஆர்க்கிமேட் என்னும் வரைமொழி, தொழில், மென்பொருள், இயந்திரம் என்னும் அடுக்குகளை ஒரே மாதிரியில் இணைத்தது. ஓப்பன் குரூப் என்னும் அமைப்பு 2009 இல் அதனைத் தரநிலையாக வெளியிட்டது. 2010 இல், அம்மொழியில் வரைவதற்கான ஆர்க்கி என்னும் இலவசக் கருவியும் வந்தது. இந்தச் சேமகம் பழுதானால் எந்தச் சேவை நிற்கும் என்று கேட்டால், நல்ல மாதிரி விடை கூறும்; வெறும் படம் கூறாது.

அண்மைக் காலத்து மாற்றம் வியப்புக்குரியது. 2009 இல் வந்த பிளாண்ட் யு.எம்.எல்., 2014 இல் வந்த மெர்மெய்ட் போன்ற கருவிகளில் ஒருவர் கோடு வரைவதில்லை. சில வரிகள் எழுதுகின்றார், படத்தைக் கணினி வரைகின்றது. அவ்வரிகள் செய்நிரலுடன் ஒரே இடத்தில் வைக்கப்படுவதால், செய்நிரல் மாறும்போது படத்தையும் உடன் மாற்றுவது எளிதாயிற்று. டைக்ரோ பேராசிரியர் சொல்லில் வைத்த நம்பிக்கையும், ஹைப்ட் அம்மையாரின் தானே வரையும் கருவியும் ஈண்டு கைகோத்து மீண்டு வந்தன என்று சொல்லத் தோன்றுகின்றது. 2011 இல் மைக்கல் நைகாட் என்பார், இன்னும் எளிய ஒன்றைப் பரிந்துரைத்தார். முக்கிய முடிவு ஒவ்வொன்றையும் ஓரிரு பக்கத்தில் எழுதி வைக்கவேண்டும்: நிலைமை யாது, முடிவு யாது, அதனால் விளைவது யாது. முடிவு மாறினால் பழையதை அழிக்கலாகாது. மாறியது என்று குறித்துப் புதியதை எழுத வேண்டும். ஏரியன் விபத்திலே காணாமற்போன ஏன் என்னும் வினாவுக்கு, ஆடம்பரமில்லாத இச்சிறு குறிப்பே ஏற்ற இருப்பிடமாகின்றது.

இன்று, வேண்டியதைச் சாதாரண மொழியிற் சொன்னால் வரைபடத்தைத் தயாரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை வரையும் படம் அழகாயிருக்கும். ஆனால், வரையும்போது வருந்தியன்றோ மனிதன் சிந்திக்கின்றான்! இரு பெட்டிகளுக்கிடையே கோடு போடக் கை தயங்கும் அந்தக் கணத்தில்தான், இங்கே இணைப்பு வேண்டுமா என்னும் கேள்வி எழுகின்றது. அந்தத் தயக்கத்தையும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், உடன்பாட்டுக்கு ஒரு தாள் கிடைக்கும், சிந்தனை கிடைக்காது.

ஆக, நூறாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவாகும். பிளாத்திக்கு அச்சு முதல் பெருங் களஞ்சியம் வரை, கருவிகள் வரைவதை எளிதாக்கின, சரிபார்ப்பதை விரைவாக்கின. எதை விடுவது, எதை வரைவது, ஏன் அவ்வாறு முடிவு செய்தோம் என்னும் மூன்றும் மனிதன் பொறுப்பாகவே எஞ்சின. எமது பணமும் மருந்துச் சீட்டும் பயணமும் இத்தகைய கட்டடங்களுக்குள் குடியிருக்கும் காலம் இது. அவற்றைக் கட்டியோர் ஒருநாள் ஓய்வுபெற்றுச் செல்வர். முன்பின் அறியாத ஓர் இளைஞன் வந்து ஒரு சுவரை இடிக்க முற்படுவான். கூரையைத் தாங்குவது அந்தச் சுவரே என்று அவனுக்குச் சொல்ல ஒரு தாளாவது அங்கே இருத்தல் வேண்டும்.